எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியல்: சேருவதற்கு முன் லேப் பீரோவைத் திறந்து பாருங்கள்

போன வாரம் திருப்பூரிலிருந்து சித்தி மகள் போன் செய்தாள். "அக்கா, நீ படிச்ச சைக்காலஜி கோர்ஸ் எப்படி? எனக்கு சீட் கெடச்சிருக்கு, பத்து நாளுக்குள்ள ஃபீஸ் கட்டச் சொல்றாங்க" என்றாள். ஒரு மணி நேரம் பேசியும் சொல்ல வேண்டியதில் பாதிதான் சொல்ல முடிந்தது. அவளைப் போலவே யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் நிறைய இருப்பார்கள் என்பதால் மீதியையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. இளங்கலையில் கணிதம் படித்தேன். அப்புறம் ஒரு பனியன் கம்பெனியில் ஹெச்.ஆர். பிரிவில் இரண்டரை வருடம் வேலை. ஆள் எடுப்பது, பி.எஃப். படிவம், லீவ் கணக்கு, புதிதாக வருபவர்களுக்கு இரண்டு நாள் பயிற்சி, இதுதான் என் நாள். அங்கிருந்துதான் சென்னையில் ஒரு சுயநிதித் துறையில் எம்.எஸ்சி. பயன்பாட்டு உளவியல் சேர்ந்தேன். எந்த டிகிரி முடித்திருந்தாலும் சேரலாம் என்று விண்ணப்பத்தில் இருந்தது. இளங்கலையிலேயே உளவியல் கேட்கும் இடங்களும் உண்டு, அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். இரண்டு வருடம், நான்கு செமஸ்டர். ஹாஸ்டல் தவிர்த்து நான் கட்டியது 1,70,000 ரூபாய். நான் சேமித்தது பாதி, அப்பா கூட்டுறவு வங்கியில் நகை வைத்துத் தந்தது மீதி. துறையின் பெயரை எழுதவில்லை. குறையும் சொல்லப் போகிறேன், அங்கே என் ஜூனியர் பிள்ளைகள் இன்னும் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

முதல் வகுப்பிலேயே எங்கள் பேராசிரியை ஒரு வம்சாவளியைக் கரும்பலகையில் வரைந்தார். 1879-ல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் உளவியலுக்கென்று ஆய்வகம் தொடங்கிய வில்ஹெல்ம் வுண்ட். அவரிடம் படித்து அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போன ஹியூகோ முன்ஸ்டர்பெர்க். முன்ஸ்டர்பெர்க்கிடம் படித்துவிட்டு வந்த நரேந்திரநாத் சென்குப்தா. 1916-ல் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் இந்தியாவின் முதல் உளவியல் துறை தொடங்கியபோது அதன் பொறுப்பில் இருந்தவர் இந்த சென்குப்தாதான். நடுவில் இருக்கும் முன்ஸ்டர்பெர்க்தான் டிராம் ஓட்டுநர்களைத் தேர்ந்தெடுக்க ஆய்வகச் சோதனை வடிவமைத்தவர். "பரிசோதனை உளவியல் ஒரு பக்கம், பயன்பாட்டு உளவியல் இன்னொரு பக்கம்னு நினைக்காதீங்க. நமக்கு ரெண்டும் ஒரே கையிலிருந்துதான் வந்திருக்கு" என்றார் பேராசிரியை. இரண்டு வருடப் படிப்பையும் நான் அந்த ஒரு வாக்கியத்தை வைத்துத்தான் அளக்கிறேன். இரண்டும் சேர்ந்து நடந்த இடங்களில் படிப்பு பிரமாதம். நடக்காத இடங்களில் கட்டிய பணம் வீண்.

அவர் அன்று இன்னொன்றும் சொன்னார். லண்டனில் உளவியலாளர் ஸ்பியர்மேனிடம் படித்துவிட்டு வந்து 1924-ல் மைசூர் பல்கலைக்கழகத்தில் உளவியல் துறையைத் தொடங்கிய எம்.வி. கோபாலசாமி, 1935-ல் தன் வீட்டிலேயே ஒரு வானொலி நிலையத்தையும் தொடங்கினார். ஆகாசவாணி என்ற பெயரோடு ஒலித்த நிலையம் அது. பாடத்திட்டத்தில் இது கிடையாது, தேர்விலும் வராது. ஆனால் எனக்கு அன்றைக்குத்தான் இந்தத் துறை பிடித்துப்போனது.

சரி, லேப்புக்கு வருகிறேன். நான் கட்டிய பணத்துக்கு முழு மதிப்பு கிடைத்தது அங்கேதான்.

முதல் செமஸ்டரில் பன்னிரண்டு பரிசோதனைகள். இரண்டு இரண்டு பேராகச் சேர்ந்து, ஒருவர் பரிசோதகர், மற்றவர் பங்கேற்பாளர், அப்புறம் மாறிக்கொள்வது. ஒவ்வொன்றுக்கும் ரெக்கார்ட் நோட்டில் நோக்கம், கருவி, செய்முறை, அட்டவணை, விவாதம், கடைசியில் பங்கேற்பாளரின் அகநோக்கு அறிக்கை, அதாவது செய்யும்போது மனசுக்குள் என்ன ஓடியது என்று அவரே சொல்வது. எழுதி எழுதிக் கை கடுத்துப்போகும். கண்ணாடி வரைதல் கருவியை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு மரப்பலகையில் நட்சத்திரம். அதன் ஓரத்தைச் சுற்றி இரண்டு கோட்டுக்கு நடுவே விரல் அகலத்துக்கும் குறைவான பாதை. கை தெரியாதபடி மேலே ஒரு தகடு மறைக்கும், எதிரே நிற்கும் கண்ணாடியில் மட்டும்தான் நட்சத்திரம் தெரியும். உலோகக் குச்சியைப் பிடித்துக்கொண்டு கோட்டைத் தொடாமல் ஒரு சுற்று வர வேண்டும். எங்கள் துறையில் பிழையை எண்ணும் மீட்டர் எப்போதோ பழுதாகிவிட்டதாம். லேப் அட்டெண்டர் அண்ணன் ஒரு காலிங் பெல்லைப் பிரித்து, கோட்டில் குச்சி பட்டால் "டிர்ர்" என்று அடிக்கிற மாதிரி வைத்திருந்தார். முதல் சுற்றில் அந்த பெல் அடித்துக்கொண்டே இருந்தது. மேலே போக நினைத்தால் கை கீழே போகிறது. மூலை வந்ததும் கை அப்படியே உறைந்துவிடுகிறது, எந்தப் பக்கம் தள்ளுவது என்று தெரியாமல் குச்சி நடுங்குகிறது. 2 நிமிடம் 40 விநாடி ஆனது. பத்தாவது சுற்றில் 41 விநாடி.

விஷயம் அதற்கப்புறம்தான். "இப்ப இடது கையில பிடிங்க" என்றாள் என் ஜோடி. இடது கை அதுவரை ஒரு முறைதான் வரைந்திருந்தது, எல்லாவற்றுக்கும் முன்னால். பத்துச் சுற்றும் பழகியது வலது கை மட்டும். ஆனாலும் இடது கை முன்பு எடுத்ததில் பாதி நேரத்துக்குள் முடித்துவிட்டது. ஒரு கை கற்றது இன்னொரு கைக்குப் போய்ச் சேர்ந்திருக்கிறது. இருபக்க இடமாற்றம் என்று பாடத்தில் ஒரு பத்தியாக வரும். என் கையிலேயே நடந்தபோது அது வேறு விஷயமாக இருந்தது. அந்த வாரமே ஹெச்.எம். என்று நூல்களில் வரும் ஹென்றி மொலைசனைப் பற்றி வகுப்பு. 1953-ல் வலிப்புக்காக மூளையில் செய்த அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவருக்குப் புதிய நினைவு எதுவும் தங்கவில்லை. உளவியலாளர் பிரெண்டா மில்னர் அவரிடம் இதே கண்ணாடி வரைதலைத் தந்தார். நாளுக்கு நாள் அவர் கை தேறிக்கொண்டே வந்தது, ஆனால் முந்தைய நாள் வரைந்ததே அவருக்கு நினைவில்லை. நட்சத்திரத்தின் மூலையில் கை உறைந்து நின்றவர்களுக்கு அந்த வகுப்பு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். நாங்கள் யாரும் அன்று வகுப்பு முடியும் பெல் அடித்தும் எழுந்திருக்கவில்லை.

இரண்டாம் செமஸ்டரில் கருவிகளை விட்டுக் கணினிக்கு வந்தோம். நாட்டிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் உருவான சைக்கோபை என்ற இலவச மென்பொருளில் நாங்களே ஒரு பரிசோதனையை அமைக்க வேண்டும். நான் ஸ்ட்ரூப் சோதனையைத் தமிழில் செய்தேன். 1935-ல் ஸ்ட்ரூப் என்ற உளவியலாளர் வெளியிட்டது. நீல மையில் 'சிவப்பு' என்று எழுதியிருக்கும், நீங்கள் மையின் நிறத்தைச் சொல்ல வேண்டும், வாய் 'சிவப்பு' என்றே வரப்பார்க்கும். ஆங்கிலச் சொற்களை எடுத்துவிட்டுத் தமிழ்ச் சொற்களைப் போட்டால் ஆயிற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். பேராசிரியை அட்டவணையைப் பார்த்துவிட்டு, "சிவப்புக்கு எத்தனை எழுத்து? நீலத்துக்கு எத்தனை?" என்று கேட்டார். சிவப்பும் மஞ்சளும் நான்கு, நீலமும் பச்சையும் மூன்று. "நேரம் கூடுனது நிறத்தாலயா, நீளத்தாலயான்னு எப்படிப் பிரிப்பீங்க?" அதோடு விடவில்லை. தமிழ் நாளிதழ் தினமும் படிப்பவர்கள், பள்ளியோடு தமிழை விட்டவர்கள், இருவரையும் ஒரே குழுவாகச் சேர்க்கலாமா என்று கேட்டார். வாசிப்பு தானாக ஓடினால்தான் அந்தத் தடுமாற்றமே வரும், அதுதான் ஸ்ட்ரூப் விளைவு. இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடியதில் ஒரு மாதம் போனது. இரண்டு வருடத்தில் நான் அதிகம் கற்ற மாதமும் அதுதான்.

இனி குறைகள்.

புள்ளியியல் சொல்லித்தந்த விதம் எனக்கு உண்மையிலேயே வருத்தம். நான் கணிதம் படித்தவள், எனக்குச் சிரமம் இல்லை. ஆனால் கூட இருந்த இருபத்திரண்டு பேரில் பாதிப் பேர் பிளஸ் டூவோடு கணக்கை விட்டவர்கள். அவர்களுக்கு அனோவாவை, அதாவது பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடும் முறையை, வெறும் சூத்திரமாகக் கொடுத்து, கையால் கணக்குப் போட வைத்து, தேர்வோடு முடித்துவிட்டார்கள். ஸ்ட்ரூப்பில் நாங்களே எடுத்த எண்கள் பக்கத்து அறையில் இருந்தன. அவற்றை வைத்து நடத்தியிருந்தால் ஒவ்வொரு எண்ணும் யாருடையது என்று தெரிந்திருக்கும். விடுதியில் இரவு நேரத்தில் நாலைந்து பேர் உட்கார்ந்து ஜாஸ்ப் என்ற புள்ளியியல் மென்பொருளை நாங்களே பழகினோம். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது, காசு கிடையாது, சாதாரண லேப்டாப்பில் ஓடும். சேரப்போகிறவர்கள் வகுப்பு தொடங்கும் முன்பே இதை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இன்டர்ன்ஷிப் அதைவிட மோசம். ஒரு மருத்துவமனையில் ஒரு மாதம் போட்டார்கள். வெளிநோயாளிப் பிரிவில் பெயர், வயது, ஊர் எழுதும் வேலைதான் பெரும்பாலும். ஒரு மதிப்பீடு நடக்கும்போது மூலையில் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேட்டேன், மூன்றாவது வாரத்தில்தான் கிடைத்தது. ஒன்பது வயதுப் பையனுக்கு நுண்ணறிவுச் சோதனை. அந்த நாற்பது நிமிடத்தில் அந்த மேடம் பையனிடம் பேசிய தணிவு, அவன் தவறாகச் சொன்னபோதும் முகம் மாறாமல் அடுத்த அட்டையை வைத்த விதம், அதெல்லாம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அப்படி ஒரு பத்து நாள் கிடைத்திருந்தால் போதும். எங்களை அனுப்பிய துறைக்கும் வாங்கிக்கொண்ட இடத்துக்கும் நடுவில் "மாணவர் என்னென்ன பார்க்க வேண்டும்" என்று ஒரு காகிதம்கூட இல்லை. நீங்கள் சேரும் இடத்தில் அப்படி ஒரு காகிதம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஆய்வுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுவும் செமஸ்டருக்கு ஒரு முறைதான் கூடும். ஒரு நாள் தவறவிட்டால் ஆய்வேடு மூன்று நான்கு மாதம் தள்ளிப்போகும். என் தோழி ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது.

ஆய்வேட்டுக்கு நான் பனியன் கம்பெனிக்கே திரும்பினேன். ஹெச்.ஆரில் இருந்தபோது தினமும் பார்த்த சண்டை அது. தைத்த துணியைச் சோதிக்கும் செக்கிங்கில் விட்ட டேமேஜ் பீஸ், சரக்கு வாங்கும் பையர் கையில் மாட்டினால், செக்கிங் அக்காக்களுக்குத் திட்டு விழும். ஒன்றரை ஷிப்ட் பார்க்கிற நாளில், ராத்திரி எட்டு மணிக்கு மேல்தான் அது அதிகம் என்று சூப்பர்வைசர்கள் சொல்வார்கள். "கவனமா இல்ல" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அது கவனக்குறைவுதானா என்பதுதான் என் கேள்வி.

இரண்டாம் உலகப் போர்க்கால பிரிட்டனிலும் இதே கேள்வி வந்திருக்கிறது. நன்றாகப் பயிற்சி பெற்ற ரேடார் ஆட்கள் நேரம் ஆக ஆகத் திரையில் தெரியும் புள்ளியை ஏன் விடுகிறார்கள் என்று உளவியலாளர் நார்மன் மேக்வொர்த் ஆராய்ந்தார். எண்களே இல்லாத ஒரு கடிகார முகம், விநாடிக்கு ஒரு தாவல் தாவும் முள், எப்போதாவது இரட்டைத் தாவல். அதைப் பார்த்தவுடன் அழுத்த வேண்டும், இரண்டு மணி நேரம். முதல் அரை மணிக்குள்ளேயே விடுவது கூடிவிட்டது என்பது 1948-ல் அவர் வெளியிட்ட முடிவு. அந்தக் கட்டுரையைப் படித்த அன்று எனக்கு நினைவுக்கு வந்தது டியூப்லைட்டுக்குக் கீழே வரிசையாக நிற்கும் செக்கிங் டேபிள்கள்தான்.

டேமேஜ் எவை என்று முன்கூட்டியே குறித்து வைத்த பீஸ்களை நல்ல பீஸ்களோடு கலந்து, காலையிலும் இரவிலும் கொடுத்துப் பார்ப்பது என்று திட்டம். விட்டது எத்தனை என்று எண்ணுவதாக எழுதியிருந்தேன். என் வழிகாட்டி சிவப்புப் பேனாவால் ஓரத்தில் எழுதினார்: "நல்ல பீஸை டேமேஜ் என்று தள்ளியதை யார் எண்ணுவது?" சமிக்ஞை கண்டறிதல் கோட்பாட்டை ஏற்கெனவே தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான். ஆனால் இந்த ஒரு வரியில்தான் அது புரிந்தது. டேமேஜைக் கண் பார்க்கவில்லையா, அல்லது பார்த்தும் 'இதைத் தள்ளலாமா, வேண்டாமா' என்று மனசு வைத்திருக்கும் கோடு நகர்ந்துவிட்டதா? விட்டதை மட்டும் எண்ணினால் இந்த இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். தவறாகத் தள்ளியதையும் சேர்த்து எண்ணினால்தான் பிரியும்.

அதை எனக்குக் கோட்பாடு இல்லாமலே சொன்னவர் ஒரு செக்கிங் அக்கா. பதினாறு வருடமாக அந்த டேபிளில் நிற்பவர். ஒப்புதல் படிவத்தைப் படித்துக் காட்டினேன். 'விருப்பத்தின் பேரில் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம்' என்ற வரி வந்ததும் நிறுத்தினார். "நாங்க வெலகுனா கம்பெனில ஒண்ணும் சொல்ல மாட்டாங்களா அம்மிணி? அதையும் இதுல எழுதிருக்கியா?" என்று கேட்டார். எழுதவில்லை. அன்று இரவே எழுதிச் சேர்த்து, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, மறுநாள் எல்லோருக்கும் புதிதாகப் படித்துக் காட்டினேன். அப்புறம் பேச்சோடு பேச்சாக அவர் சொன்னது: "ராத்திரி ஆனா டெய்லருக்கும் அலுப்பு. ஒரு பீஸைத் திருப்பிக் குடுத்தா மூஞ்சியக் காட்டுவான். கண்ணுக்குத் தெரியாமலா போகுது? தெரியுது, விட்டுடறோம்." என் ஆய்வில் ஆட்கள் குறைவு, அதனால் முடிவை இங்கே பெரிதாகச் சொல்லமாட்டேன். ஆனால் கேள்வியைச் சரியாகக் கேட்க இந்தப் படிப்பு எனக்குச் சொல்லித்தந்தது. 1,70,000 ரூபாயில் பெரும் பங்கை நான் இதற்கே கொடுத்ததாக எடுத்துக்கொள்கிறேன்.

இப்போது வேலை பற்றி, ஏனென்றால் எல்லோரும் கேட்பது இதைத்தான். இந்த எம்.எஸ்சி. முடித்தால் நீங்கள் கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் ஆகிவிட மாட்டீர்கள். அந்தப் பெயரில் பணி செய்ய ஆர்.சி.ஐ. எனப்படும் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் பதிவு வேண்டும். அதற்கு அவர்கள் அங்கீகரித்த தனிப் படிப்பு வேண்டும். பல வருடங்களாக அது பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் போன்ற இடங்களில் நடந்த இரண்டு வருட எம்.ஃபில். 2022-ல் யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தையே நிறுத்தியது, பிறகு கிளினிக்கல் சைக்காலஜிக்கும் மனநல சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை மாணவர்களைச் சேர்க்க அனுமதி கொடுத்தது. ஆகவே நீங்கள் முடிக்கிற வருடத்தில் எந்தப் படிப்பு செல்லும் என்பதை ஆர்.சி.ஐ. தளத்தில் நீங்களே பாருங்கள், சேர்க்கை கவுண்டரில் சொல்வதோடு நிற்காதீர்கள். என் வகுப்பில் மூன்று பேருக்கு இது மூன்றாம் செமஸ்டரில்தான் தெரிந்தது. ஒருத்தி அன்று லேப்பில் உட்கார்ந்து அழுதாள்.

தபாலில் படித்துக்கொள்ளலாம் என்று நினைப்பவர்களும் கவனியுங்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைநிலையிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லிவிட்டது. வேலைக்குப் போய்க்கொண்டே படிக்க நினைத்த பெண்களுக்கு இது பெரிய அடி, அதை நான் லேசாகச் சொல்லவில்லை. ஆனால் அந்த நட்சத்திரத்தைத் தபாலில் வரைய முடியாது என்பதும் நிஜம்.

கல்லூரி ஆசிரியர் வேலை வேண்டுமென்றால் நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வு. இரண்டு தாளும் சேர்த்து 150 கேள்வி, 300 மதிப்பெண், மூன்று மணி நேரம். இப்போது அதற்குத்தான் படிக்கிறேன். ஆராய்ச்சி முறை, புள்ளியியல், கற்றல், புலனறிவு என்று வரும் கேள்விகளில் லேப் ரெக்கார்ட் நோட்டு அப்படியே கை கொடுக்கிறது. வகுப்புத் தோழர்களில் ஆறு பேர் ஹெச்.ஆருக்கும், நாலு பேர் பள்ளி ஆலோசகராகவும் போயிருக்கிறார்கள். சம்பளம் பெரிதாக இல்லை.

மதிப்பெண் போட வேண்டும் என்றால்: லேப்புக்கு ஐந்துக்கு ஐந்து, அட்டெண்டர் அண்ணனின் காலிங் பெல்லையும் சேர்த்து. வழிகாட்டிக்கு ஐந்து. புள்ளியியலுக்கு இரண்டு. இன்டர்ன்ஷிப்புக்கு ஒன்று, அந்த நாற்பது நிமிடத்துக்காக. மொத்தத்தில் மூன்றரை.

நேரில் போனால் என்ன பார்ப்பது என்று சித்தி மகள் கேட்டாள். லேப் பீரோவைத் திறந்து காட்டச் சொல். சாவி யாரிடம் என்று அவர்களுக்கே தெரியவில்லை என்றால் யோசி. போன வருட ரெக்கார்ட் நோட்டு ஒன்றை வாங்கிப் புரட்டு, அட்டவணையில் எல்லோருடைய எண்களும் ஒரே மாதிரி இருந்தால் யாரும் பரிசோதனை செய்யவில்லை என்று அர்த்தம். இரண்டாம் வருட மாணவி ஒருத்தியிடம் "உங்க ஆய்வேட்டுல என்ன கேள்வி?" என்று கேள். தலைப்பைச் சொல்கிறாளா, கேள்வியைச் சொல்கிறாளா என்று கவனி. வரும் வியாழக்கிழமை நானும் அவளோடு போகிறேன். ஃபீஸ் கவுண்டருக்கு அப்புறம் போகலாம், முதலில் லேப்புக்கு என்று சொல்லியிருக்கிறேன்.